சகலை வண்டியின் குளிர்ச்சி

அரைமில்லி என்று பம்பு தொழிற்சாலை முழுவதும் அழைக்கப்படுகிற லேத் தொழிலாளியின் வரலாற்றை எழுதப் புகும்போது, முதலில் ஒரு உண்மையைப் பதிவு செய்துவிட வேண்டும். அவர் பொறாமைக்காரர் அல்ல. இதை அவரே பல இடங்களில், யாரும் கேட்காதபோதும் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டியபோது அவர் தூக்கம் கெடவில்லை. கூட வேலை பார்த்தவருக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்தபோது மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்பது நிஜம்தான். ஆனால் அது அஜீரணம் என்று மருத்துவரே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மனசுக்கு ஒவ்வாத ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலை.

எந்தப் பொருளைக் காட்டினாலும் ஒற்றைக் கண்ணை மூடி, மில்லிமீட்டர் கணக்கில் அளப்பதுபோலப் பார்த்து, "அரை மில்லி இடிக்குதே" என்பது அவர் வழக்கம். அதனால் வந்த பெயர் அது. கல்யாணப் போட்டோவைச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று, "அரை மில்லி சாய்ஞ்சிருக்கு" என்றபோது, "சட்டமா, நானா?" என்று கேட்டவள் அவர் மனைவி. அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். தரையைப் பார்த்தாலே எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே சக்கரம் வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். வாய் பேசாத பூமியே அவளிடம் பேசும்; அரைமில்லி எம்மாத்திரம்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, வீட்டிலேயே வண்டி கட்டியவர்கள் அங்கே கூடி, பாறையும் சகதியுமான பாதையில் அதை ஓட்டிப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய வண்டிக்கு அனுமதியில்லை. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். வழி சொல்கிறவர் நடுவில் இறங்கிவிட்டால் வண்டி ஆட்டத்தில் இல்லை. இவ்வளவுதான் விதி. இந்த விதிக்காகத்தான் அரைமில்லி, துணி காயப்போடுகிற கொல்லையில், இரண்டு வருஷமாக ஒரு வண்டி கட்டினார். வளைத்த இரும்புக் குழாய்களில் சட்டம். முன்னால் ஒரு பழைய கார் எஞ்சின். கூரை கிடையாது, கதவு கிடையாது. இருக்கை இரண்டு. சக்கரங்கள் மட்டும் டிராக்டருக்குத் தங்கச்சி போல இருந்தன.

எஞ்சின் என்றால் புகை, புகை என்றால் சைலன்சர் குழாய். அது எஞ்சினிலிருந்து வண்டியின் வால்வரைக்கும் போக வேண்டும். நடுவில் போக முடியாது. பின் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு அங்கே இருக்கிறது. மிச்சம் இரண்டே பக்கம்தான். ஓட்டுகிறவர் காலுக்கடியில், அல்லது பக்கத்தில் உட்காருகிறவர் காலுக்கடியில். இதற்காக ஒரு வாரம் மூளையைக் கசக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஓட்டுகிற பக்கத்தில் பெடல் இருக்கிறது. பெடலில் கேபிள் இருக்கிறது. கேபிள் உருகினால் ஆபத்து. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, மனைவிதான் இருக்கிறாள். குழாய் அந்தப் பக்கம் போயிற்று.

தெருவில் ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. காற்று அடித்துச் சூட்டைக் கொண்டுபோய்விடும். குவாரியில் வண்டி நத்தை மாதிரி ஏறும். எஞ்சின் மட்டும் கத்தும். காற்றும் இல்லை, இரக்கமும் இல்லை. குழாய் அடுப்புத் தணல் நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலே ஒரு இரும்புத் தகடு, தகட்டுக்கு மேலே மனைவியின் இரண்டு பாதங்கள்.

முதல் ஒத்திகையிலேயே பேச்சு வளர்ந்தது.

"ஏங்க, நிறுத்துங்க."

"இன்னும் ரெண்டே வளைவுதாம்மா."

"கால் வேகுதுங்க!"

"எஞ்சின்னா சூடாத்தான் இருக்கும். ஐஸ் பெட்டியா அது?"

அவள் இறங்கிவிட்டாள். செருப்பு இறங்கவில்லை. ரப்பர் அடி உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, உரிமையாளர் இல்லாமலே மீதிப் பாதையைச் சுற்றி வந்தது.

இது மட்டும் நடந்திருந்தால் அரைமில்லி தாங்கியிருப்பார். சொந்த வண்டி சுடுவது விதி; அதற்கு யாரும் அழ முடியாது. அடுத்தவன் வண்டி சுடாமலிருப்பதுதான் அநியாயம்.

சகலை பல்செட் செய்கிறவர். மெழுகில் அச்செடுத்து, ஈறு வைத்து, பல் பதித்து, பல் மருத்துவர்களுக்கு அனுப்புகிற தொழில். இரும்புக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அப்படிப்பட்டவர், அரைமில்லி வண்டியை ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து, அதே ஜாதி எஞ்சினை வாங்கி, அதே மாதிரி ஒரு வண்டியைக் கட்டினார். வெல்டிங் பார்த்தால் பல் தேய்த்துவிட்டுத் துப்பியது போல இருக்கும். சட்டம் அரை மில்லி அல்ல, அரை அங்குலம் கோணல். அந்த வண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரைக் குவாரி வழியாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"கால நீட்டி உக்காந்தேன், அப்படியே கண்ணசந்துட்டேன்" என்றார் மாமியார். "சின்ன மாப்பிள்ளை வண்டி என்னமா குளுகுளுன்னு இருக்கு!"

"நம்ம வண்டியிலயும் ஒருநாள் வாங்க அத்தை" என்றார் அரைமில்லி.

"வேணாம் மாப்பிள்ளை. அதுல கண்ணசந்தா மறுபடி முழிக்கிறது நிச்சயமில்ல."

சகலை சிரித்தார். தொழில் காரணமாக அவர் சிரிப்பு எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். "சும்மா ஒரு தகடு வச்சேன் அண்ணே, அவ்வளவுதான்" என்று வேறு சொன்னார். சும்மா! லேத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவரிடம் போய்ச் சும்மா! இவன் எதையோ மறைக்கிறான் என்று அரைமில்லிக்கு அந்த நிமிஷமே உறுதியாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

அன்று மாலை கொழுந்தியாள் போன் செய்தாள். ஒலி பெரிதாக வைக்கப்பட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அக்கா, குவாரில நீ எங்க வண்டில உக்காரேன். எனக்கு மேடு பள்ளம் ஒண்ணும் தெரியல. ஒத்திகையில 'நேரா போங்க'ன்னேன், மனுஷன் நேரா குட்டைக்குள்ள போயிட்டாரு."

மனைவி சிரித்துவிட்டு, "யோசிக்கலாம்டி" என்றாள்.

யோசிக்கலாம். ஆறே எழுத்து. அரைமில்லியின் நெஞ்சில் அது ஆறு துளை போட்டது. தன் பக்கத்தில் உட்கார வேண்டியவள், தன் வண்டிக்குக் கண்ணாக இருக்க வேண்டியவள், பல்செட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது, வலது, மெதுவா" என்று சொல்லப்போகிறாள். அந்த 'மெதுவா'வை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

"அங்க போவியா?" என்றார், போனை வைத்தவுடன்.

"நாலு வாரம் இருக்கு. கால் சுடாம பண்ணுங்க, உங்ககூட வரேன். இல்லேன்னா அங்க போறேன். இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

கோபித்துக்கொள்ள எவ்வளவோ இருந்தது. ஆனால் கோபத்தைவிட உளவு நல்லது என்று முடிவு செய்தார்.

அடுத்த சனிக்கிழமை மாமியாரைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனார். சகலை குளித்துக்கொண்டிருந்தார். வண்டி, மூக்கைச் சுவரில் இடித்தபடி கொட்டகையில் நின்றது. அரைமில்லி பின்பக்கமாகப் போய், மல்லாந்து படுத்து, தலையை முன்னால் விட்டு, முதுகாலேயே நகர்ந்து உள்ளே நுழைந்தார். இடது கைப்பக்கம் சைலன்சர் குழாய். அதற்கு மேல் தகடு. ஒரே ஒரு தகடு! சட்டைப் பையிலிருந்த சீட்டில் அவசரமாகப் படம் போட்டுக்கொண்டார். குழாய்: இடது. இடது என்றால் பக்கத்து இருக்கை. அதாவது நம்மைப் போலவேதான் வைத்திருக்கிறான், ஆனால் ஒற்றைத் தகட்டில் சூட்டை நிறுத்தியிருக்கிறான். அது என்ன தகடு? நகத்தால் சுரண்டினார். அலுமினியம் மாதிரி இருந்தது. ஆனால் அலுமினியம் மாதிரி இருப்பதெல்லாம் அலுமினியமா?

"மாமா, அங்க என்ன பண்றீங்க?" என்று கொழுந்தியாளின் குரல், கால் மாட்டில்.

"செருப்பு உள்ள போயிடுச்சு."

"ரெண்டும் கால்லதான இருக்கு?"

"இது... இன்னொரு செருப்பு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கா புருஷன் என்றால் சில சலுகைகள் உண்டு.

ஒற்றைத் தகட்டுக்குப் பதில் நான்கு தகடு என்று வீட்டுக்கு வந்ததும் தீர்மானம் நிறைவேறியது. அவன் ஒன்று வைத்தால் நாம் நாலு; கணக்கு சுலபம். நான்கு அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு மயிர் நுழையாதபடி அமுக்கி, ரிவெட் அடித்து, வண்டியின் அடித்தகட்டோடு இறுக்கினார். அரை மில்லி இடைவெளிகூட இல்லை. அதுதான் அவருடைய பெருமை. போதாததற்குக் குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றினார். முதல்முறை எஞ்சினைக் கிளப்பியதும் பட்டையிலிருந்து புகை மண்டி, கொல்லையில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. நார் ஒட்டி இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் கேட்டவர்களிடம், "ஒரு ஆராய்ச்சி" என்றார்.

மனைவி காலை வைக்க மறுத்துவிட்டாள். கால் இருந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்தி வைத்தாள். "மொதல்ல இது போய்ட்டு வரட்டும்."

குவாரியில் ஒரு மேடு ஏறி இறங்கிவிட்டு வந்தபோது, மெழுகுவர்த்தி இடுப்பொடிந்து, முதலாளியைக் கண்ட குமாஸ்தா மாதிரி வளைந்து நின்றது. நான்கு தகடும் நான்கு அண்ணன் தம்பிகளைப் போல, வாங்கிய சூட்டை ஒருவருக்கொருவர் ஒழுங்காகப் பங்கிட்டு மேலே அனுப்பியிருந்தன.

இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவள் தங்கை வீட்டு வண்டிக்குப் போனாள். அது போய்விட்டு, போன மாதிரியே விறைப்பாகத் திரும்பி வந்தது.

"அவன் எதையோ மறைக்கிறான்" என்றார் அரைமில்லி.

"எதை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. கடைசி ஆயுதமாக, நேரில் கேட்டுவிட்டார். ரகசியத்தை அல்ல, வண்டியை. "ஒரு சுத்து ஓட்டிப் பாக்கிறேன் சகலை. ஸ்டியரிங் அரை மில்லி இழுக்கிற மாதிரி தெரியுது."

சகலை ஏனோ தயங்கினார். "நீங்க எதுக்கு அண்ணே சிரமப்படணும்?" தயக்கத்தைப் பார்த்ததும் அரைமில்லிக்குப் பிடி கிடைத்துவிட்டது. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குவாரியின் நீளமான பாதையில் வண்டி இறங்கியது.

முதல் மேட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது மேட்டில் வலது கெண்டைக்காலில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது மேட்டில் அந்த யாரோ அழுத்தித் தேய்க்கவும் ஆரம்பித்தார். அரைமில்லி காலை நகர்த்தப் பார்த்தார். நகர்த்தினால் ஆக்ஸிலரேட்டர் விட்டுப்போகும். வண்டி பின்னால் உருளும்.

"பாருங்க, எவ்வளவு குளுமையா இருக்கு" என்றாள் மனைவி, பாதங்களை ஆட்டியபடி. "வலது... ம், மெதுவா... என்ன, முகமெல்லாம் வேர்க்குது?"

"வெயில்."

"மேகமால்ல இருக்கு?"

"மேகமான வெயில்."

கத்தியிருக்கலாம். கத்தினால் சகலை வண்டியில் சகலை தாங்குவதைத் தன்னால் தாங்க முடியவில்லை என்றாகும். வாயை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, முழுச் சுற்றையும் முடித்தார். அவர் வாழ்நாளில் ஓட்டிய ஆகச் சிறந்த சுற்று அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இறங்கி, நொண்டிக்கொண்டே சகலையிடம் போய்ப் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் தூக்கினார். கெண்டைக்கால், தோலுரித்த தக்காளி நிறத்தில் இருந்தது.

"என்னய்யா இது?"

சகலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் பேன்ட்டைத் தூக்கினார். உள்ளே இரண்டு காலுறை, அதற்குள்ளே துணிக்கட்டு. கட்டுக்கு மேலும் கீழும் பழைய தழும்பு, புதிய கொப்புளம்.

"குழாய் ஒங்க பக்கமா போகுது?"

"வேற எங்க போகும் அண்ணே? அந்தப் பக்கம் அவ உக்காருவாளே. அவளுக்குச் சுட்டா கத்துவா. என் கால் கத்தாது."

"இந்தக் காயம் பட்டறை பர்னர்ல பட்டதுன்னீங்க!" என்று கொழுந்தியாள் பின்னாலிருந்து வந்து நின்றாள்.

"பர்னர் கெண்டைக்காலுக்கு எப்படிடி வரும்? அஞ்சு மாசமா நீ கேக்கல, நானும் சொல்லல."

கொழுந்தியாள் தரையிலேயே உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, "ஐயய்யோ, ஐயய்யோ" என்று ஊதினாள். அக்காவும் குனிந்து பார்த்தாள். "பாவம், எத்தனை நாளா..." என்றாள். சொல்லிவிட்டு, நிமிர்ந்து, தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அரைமில்லி தன் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். குழாய்: இடது. மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "எந்தப் பக்கமா படுத்துப் பாத்தீங்க?"

"பின்னாலேர்ந்து. மல்லாந்து."

"அப்படிப் படுத்தா உங்க இடது கை, வண்டிக்கு வலது. வடக்கு எதுன்னே பாக்காம மேப் போட்டிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு மனிதன் அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம்; சம்பளத்தை, தலைமுடியைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அடுத்தவன் காயத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் வரலாற்றில் அரைமில்லி ஒருவராகத்தான் இருப்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் துணிக்கட்டும், தரையில் உட்கார்ந்து ஊதிய கொழுந்தியாளும், "பாவம்" என்ற சொல்லுமே கண்ணில் நின்றன. தன் காலும்தானே வெந்திருக்கிறது? ஒரே நாள் காயம், மதிப்பில்லை. அவனுடையது ஐந்து மாதக் காயம்.

மறுநாளே விடுப்புப் போட்டார். நான்கு தகட்டையும் பெயர்த்தார். குழாயை அறுத்து, வளைத்து, மறுபடி வெல்டிங் வைத்து, ஓட்டுகிற பக்கத்துக்குக் கொண்டுவந்தார். கேபிளை நடுப்பக்கமாகத் திருப்பிவிட்டார்; அது அரை மணி நேர வேலைதான் என்பதும், இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதும் அப்போது தெரிந்தது. மனைவி அலுவலகத்திலிருந்து வந்து, அடியில் குனிந்து பார்த்தாள்.

"சரி. ஆனா தகடு எங்க?"

"எதுக்குத் தகடு?"

"உங்க காலுக்கு."

"வேணாம். சுடட்டும்."

"ஏன்?"

அவர் ஸ்பானரை எடுத்துத் துடைத்தார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். தரையைப் படிக்கிறவளுக்கு முகத்தைப் படிக்கத் தெரியாதா?

"அவரைவிடப் பெரிய கொப்புளம் வேணுமாக்கும்?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"நான் ஊதிவிடணும். அதான?"

"ஊதலாம்தான்" என்றார், ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு.

"வெந்த காலோட ஓட்டிட்டு, நடுப்பாதையில பிரேக்க விட்டீங்கன்னா, ரெண்டு பேரும் பாறையில. எடுங்க அந்தத் தகட்ட. நாலு வேணாம், ஒண்ணு."

"ஒண்ணு எப்படித் தாங்கும்?"

"எங்க ஆபீஸ் தகரக் கூரைதான். சீலிங் பலகைய அதுல ஒட்டி அடிச்சிருந்தப்போ மண்டை காஞ்சுது. ஒரு சாண் எறக்கி அடிச்சாங்க. இப்ப மதியம் தூக்கம் வருது. ஒட்டாதீங்க. ஒரு விரல் எடம் விடுங்க, காத்து போய்ட்டு வரட்டும்."

ஒரு விரல்! இருபத்திரண்டு வருஷமாக இடைவெளியை ஒழிப்பதே தொழிலாகக் கொண்டவர் அவர். வெறும் இடம், ஒன்றுமே இல்லாத இடம், நாலு தகட்டைவிட நன்றாக வேலை செய்யும் என்பதை ஒத்துக்கொள்ள ஒரு சாயங்காலம் பிடித்தது. கடைசியில் தடித்த வாஷர்களை அடுக்கி, ஒரு விரல் விட்டு, ஒற்றைத் தகட்டை மாட்டினார். விரலை அளந்தபோது மட்டும், "உன் விரலா, என் விரலா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

போட்டியன்று காலை, குவாரியில் பதினோரு வண்டிகள். கொழுந்தியாள் ஓடிவந்தாள். "அக்கா, எங்க வண்டிக்கு வரியா? அவருக்குக் கால் இன்னும் ஆறல. நான் சொல்றபடி போனா ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்."

அரைமில்லி எஞ்சின் மூடியைத் துடைப்பதுபோல நின்றார். துணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் எங்க வண்டியிலதாண்டி" என்றாள் மனைவி. "நீ பேசாம தரையில நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்துச் சொல்லு. நிழல் இருந்தா பள்ளம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி இறங்கியது. முதல் மேடு, இரண்டாவது மேடு, சகதி, பாறை இடுக்கு. எஞ்சின் கத்தியது, குழாய் சிவந்தது, தகட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் காற்று போய் வந்துகொண்டிருந்தது. அரைமில்லியின் கெண்டைக்காலில் வெதுவெதுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் இறங்கவில்லை. இறங்குகிற பேச்சே எடுக்கவில்லை.

பாதி தூரத்தில், ஒரு சரிவின் உச்சியில், அவர் கேட்டார்:

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வலது."

"அவன் வண்டி மாதிரியா, அதைவிட நல்லாவா?"

"ரெண்டும் ஒண்ணுதான். இன்னும் வலது."

"ஒண்ணுதான்னா எப்படி? கொஞ்சமாவது வித்தியாசம் இருக்குமே. அங்க உக்காந்தப்போ கால ஆட்டுன. இங்க ஆட்டல."

"அங்க ஓட்டினதும் நீங்கதான்."

"ஆனா வண்டி அவனோடது."

"ஏங்க..."

"சும்மா சொல்லு. எது அதிகக் குளுமை?"

"முன்னால பாருங்க, கல்லு!"

முன் சக்கரம் கல்லில் மோதி, ஏறி, தடாலென்று இறங்கியது. அவள் ஒரு கையால் சட்டத்தையும் இன்னொரு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டாள். கீழே சரிவு நீளமாகப் போயிற்று. எல்லைக்கோடு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. தோளிலிருந்த கையை அவள் எடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். கேள்வியை விழுங்கிவிட்டு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார்.